கன்னியாஸ்திரி ஒருவர் புனிதராவது எப்படி? அல்போன்சாவின் வாழ்க்கை வழியே ஓர் எளிய விளக்கம்

2008 அக்டோபர் 12 அன்று வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்தில், கேரளத்து அருட்சகோதரி அல்போன்சாவைப் புனிதர் என்று திருத்தந்தை (போப்) பதினாறாம் பெனடிக்ட் அறிவித்தார். இந்தியப் பெண்களில் இந்த நிலைக்கு வந்த முதல் ஆள் அவர்தான். அவரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் சில வாக்கியங்கள் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. "போப் அவரைப் புனிதராக்கினார்." "அற்புதங்கள் செய்தார், அதனால் புனிதரானார்." "பாவம், வாழ்நாளெல்லாம் நோயில் கிடந்தார், அதற்காகப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்."

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இப்படிச் சொன்னால் ஆச்சரியமில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அல்போன்சா மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவருடைய வாழ்க்கையில் எதைத் திருச்சபை உண்மையில் எடைபோட்டதோ அதை விட்டுவிட்டு, வேறு எதற்காகவோ அவரைப் புகழ்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால் அடியிலிருந்து தொடங்கலாம்.

## ஆக்குவது வேறு, அறிவிப்பது வேறு

ஒரு குடும்பத் தலைவர் இறந்துபோகிறார். பிள்ளைகள் வாரிசுச் சான்றிதழ் கேட்டு தாசில்தார் அலுவலகத்தில் மனுக் கொடுக்கிறார்கள். கிராம அலுவலர் அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார், ஆவணங்களைப் பார்க்கிறார், அறிக்கை மேலே போகிறது, கடைசியில் தாசில்தார் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கையெழுத்தால் யாரும் பிள்ளையாகிவிடுவதில்லை. பிறந்த அன்றிலிருந்தே பிள்ளைதான். அலுவலகம் செய்தது, விசாரித்து முடித்து "ஆமாம், இவர் வாரிசுதான்" என்று எல்லாரும் ஏற்கும்படி சொன்னது மட்டும்தான். மனுவே கொடுக்காத பிள்ளையும் பிள்ளைதான்.

கத்தோலிக்கத் திருச்சபை புனிதர் விஷயத்தில் செய்வதும் ஏறக்குறைய இதுதான். இறந்தபின் விண்ணகத்தில் இறைவனோடு இருப்பவர் எவரோ அவர் புனிதர் என்பது அதன் நம்பிக்கை. ஒருவரை அங்கே கொண்டு சேர்ப்பது கடவுளின் அருளும், அதற்கு இசைந்து அவர் வாழ்ந்த வாழ்வும். திருத்தந்தையின் கையெழுத்துக்கு அந்த வேலை கிடையாது. நீண்ட விசாரணைக்குப் பிறகு, "இவர் விஷயத்தில் சந்தேகமில்லை, உலகெங்கும் உள்ளவர்கள் இவருக்கு விழா எடுக்கலாம், இவரிடம் மன்றாடலாம்" என்று அவர் அறிவிக்கிறார். பெயர் தெரியாத புனிதர்கள் எண்ணற்றவர்கள் இருக்கிறார்கள் என்பதும் அதே நம்பிக்கையின் பகுதி. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழா அவர்களையும் சேர்த்துத்தான்.

ஆரம்ப நூற்றாண்டுகளில் இந்த விசாரணையெல்லாம் இல்லை. நல்லவர் ஒருவர் இறந்தால் ஊர் மக்களே அவர் கல்லறைக்குப் போய் வேண்டிக்கொள்வார்கள், உள்ளூர் ஆயர் (பிஷப்) ஒப்புக்கொள்வார், விழா பிறந்துவிடும். திருத்தந்தை ஒருவரே முறைப்படி அறிவித்த முதல் புனிதர் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுபவர் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகர ஆயர் உல்ரிக். அது 993-ஆம் ஆண்டு. 1588-இல் இதைக் கவனிக்க வத்திக்கானில் தனி அலுவலகம் ஏற்பட்டது. இப்போது நடைமுறையில் உள்ள விதிகள் 1983-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் கொண்டுவந்தவை.

ஆக, புனிதர் நிலை வத்திக்கானில் உற்பத்தியாவதில்லை. அங்கே நடப்பது விசாரணையும் அறிவிப்பும். அப்படியானால் எதை விசாரிக்கிறார்கள்? அதற்கு ஒரு வாழ்க்கை வேண்டும்.

## அன்னக்குட்டி

கோட்டயத்துக்குப் பக்கத்தில் குடமாளூர். 1910 ஆகஸ்ட் 19 அன்று ஜோசப், மேரி தம்பதிக்கு எட்டாம் மாதத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. தூங்கிக்கொண்டிருந்த தாயின் இடுப்பில் பாம்பு சுற்றிக்கொண்டதாம். அந்த அதிர்ச்சியில் பிரசவம் முந்திவிட்டது என்று சொல்வார்கள். மூன்று மாதத்தில் தாய் இறந்துபோனார். குழந்தைக்கு அன்னா என்று பெயர், கூப்பிடுவது அன்னக்குட்டி.

சின்ன வயதில் தாத்தா பாட்டி வீடு. பாட்டி பக்தியான பெண்மணி. ஐந்து வயதிலேயே வீட்டு மாலை ஜெபத்தை நடத்தும் அளவுக்குப் பேத்தி அவரிடம் பழகிக்கொண்டாள். 1917-இல் புதுநன்மை, அதாவது முதன்முறையாக நற்கருணை வாங்குவது. அப்புறம் 1920-இல் முட்டுச்சிறையில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு வந்தாள். தாயில்லாப் பிள்ளையைக் குறையில்லாமல் வளர்த்து நல்ல இடத்தில் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது பெரியம்மாவின் கவலை. அதில் தப்பில்லை, ஆனால் கண்டிப்பு அதிகம். பதின்மூன்று வயதுக்குள் வரன்கள் வந்துவிட்டன, ஒன்று உறுதியாகும் நிலைக்கும் போனது. அன்னக்குட்டிக்கோ கன்னியர் மடத்துக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணமில்லை.

இந்த இடத்தில்தான் 1923-இன் அந்த நிகழ்ச்சி வருகிறது. உடம்பில் கொஞ்சம் குறை வந்துவிட்டால் யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று அந்தச் சிறுமி நினைத்தாள். அறுவடைக்குப் பிறகு பதரைக் குவித்து எரிக்கும் குழி ஒன்று இருந்தது. மேலே சாம்பல் மூடியிருக்கும், உள்ளே கனல் இருக்கும். அதன் ஓரத்தில் கால் வைக்கப் போனவள் உள்ளே விழுந்துவிட்டாள். நினைத்ததைவிடப் பல மடங்கு அதிகமாகக் கால்கள் வெந்துபோயின. வெகுநாள் சிகிச்சை, முழுக்க ஆறவேயில்லை என்று சொல்லும் அளவுக்கு வடு நின்றது. வரன் பேச்சும் நின்றது.

பல பக்திக் கதைகள் இதை ஒரு வீரச் செயல்போலச் சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தன் வாழ்க்கையைப் பற்றித் தன்னிடம் யாருமே கேட்காத ஒரு காலத்தில், வேறு வழி தெரியாத பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தவிப்பு அது. திருச்சபை ஒருவரைப் புனிதர் என்று சொல்லும்போது, அவர் செய்த ஒவ்வொரு காரியமும் சரி, நீங்களும் அப்படியே செய்யுங்கள் என்று சொல்வதில்லை. தன் உடலைத் தானே காயப்படுத்திக்கொள்ளும்படி அது யாரையும் கேட்பதும் இல்லை. இதை முதலிலேயே தெளிவாக்கிக்கொண்டால் பின்னால் வரும் நோய்களைப் பற்றியும் சரியாகப் புரிந்துகொள்ளலாம்.

## பரணங்கானத்து மடத்தில்

1927-இல் அன்னக்குட்டி பரணங்கானத்தில் இருந்த கிளாரிஸ்ட் கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். மீனச்சில் ஆற்றோரத்துச் சிற்றூர் அது. அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அசிசி நகர் பிரான்சிஸ், கிளாரா ஆகியோரின் வழியைப் பின்பற்றுகிற சபை. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று அவருக்குத் துறவறப் பெயர் கிடைத்தது. அன்று புனித அல்போன்சு லிகோரியின் விழா என்பதால் அல்போன்சா ஆனார்.

கன்னியாஸ்திரி ஆவது ஒரே நாளில் நடக்கிற காரியமல்ல என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. முதலில் மடத்தில் தங்கிப் பழக வேண்டும், அப்புறம் துறவற உடை, அப்புறம் நவதுறவு எனப்படும் பயிற்சிக் காலம், அதற்கும் பிறகுதான் வார்த்தைப்பாடு. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்றையும் கடைப்பிடிப்பேன் என்று இறைவனுக்குக் கொடுக்கும் வாக்குதான் வார்த்தைப்பாடு. அல்போன்சா 1930-இல் உடை பெற்றார். 1935 ஆகஸ்டில் சங்கனாச்சேரியில் நவதுறவைத் தொடங்கினார். 1936 ஆகஸ்ட் 12 அன்று வாழ்நாள் முழுவதற்குமான வார்த்தைப்பாடு கொடுத்தார். இடைவெளி இவ்வளவு நீண்டதற்குக் காரணம் நோய்.

வாகக்காட்டுப் பள்ளியில் கொஞ்ச காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அதையும் உடம்பு தொடர விடவில்லை. நவதுறவு தொடங்கிய சில நாளிலேயே மூக்கிலும் கண்ணிலும் ரத்தக் கசிவு, கால்களில் சீழ் வைத்த புண்கள். ஆள் பிழைக்க மாட்டார் என்று பயந்தார்கள். ஏற்கெனவே மறைந்துவிட்ட, கேரளத்தில் அப்போதே பெரிதும் மதிக்கப்பட்ட, பின்னாளில் தானும் புனிதரான குரியாக்கோஸ் எலியாஸ் சாவராவை நோக்கி நவநாள், அதாவது ஒன்பது நாள் தொடர் ஜெபம் செய்தார். குணமானார். 1939-இல் நிமோனியா வந்தது.

1940 அக்டோபர் 18 இரவு. நோயாளியாகப் படுத்திருந்தவரின் அறைக்குள் திருடன் ஒருவன் நுழைந்துவிட்டான். அந்த அதிர்ச்சியில் அவருக்கு நினைவு தப்பிப்போனது. சில நாள், சில வாரம் அல்ல. ஏறக்குறைய ஒரு வருடம் நினைவு தடுமாறியபடியே இருந்தார். 1941 செப்டம்பர் இறுதியில் நிலைமை மோசமாகி, நோயாளிகளுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் என்ற அருளடையாளத்தைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நினைவு திரும்பியது. உடல்நலம் முழுதாகத் திரும்பவில்லை. கடைசி ஆண்டில் வயிறும் ஈரலும் பாதிக்கப்பட்டு, ஒரே நாளில் நாற்பது தடவை வரை வாந்தி எடுத்த நாட்கள் உண்டு. 1946 ஜூலை 28 அன்று இறந்தார். முப்பத்தாறு வயது நிறைய மூன்று வாரம் பாக்கி.

அடக்கத்துக்கு வந்த கூட்டம் சிறியது. உள்ளூர் மடத்துச் சிஸ்டர் ஒருவர் இறந்தால் எவ்வளவு பேர் வருவார்களோ அவ்வளவுதான். அவருடைய ஆன்மிக நிலையை நன்கு அறிந்திருந்த அருட்தந்தை ரோமுலுஸ் அன்று ஆற்றிய உரைதான் அசாதாரணமானது: இவர் ஒரு புனிதர் என்று தான் நம்புவதாக அவர் வெளிப்படையாகச் சொன்னார். பிறகு கல்லறைக்கு முதலில் வரத் தொடங்கியவர்கள் பள்ளிப் பிள்ளைகள். மெழுகுவத்தி ஏற்றி, பரீட்சையோ காய்ச்சலோ, தங்கள் சின்னச் சின்னத் தேவைகளை வேண்டிக்கொண்டார்கள். பெரியவர்கள் அவர்களுக்குப் பின்னால் வந்தார்கள்.

ஒரு பள்ளிக்கூடத்தையோ மருத்துவமனையையோ அவர் நிறுவவில்லை. ஒரு சபையைத் தொடங்கவில்லை. அன்னை தெரசா பிறந்தது இவருக்குச் சரியாக ஒரு வாரம் கழித்து, 1910 ஆகஸ்ட் 26. அல்போன்சா இறந்து ஆறு வாரங்களில், 1946 செப்டம்பர் 10 அன்று, டார்ஜிலிங் போகும் ரயிலில்தான் ஏழைகளுக்காக மடத்தை விட்டு வெளியேறும் அழைப்பு தெரசாவுக்குத் தோன்றியது. ஒருவர் உலகமறிந்த வேலை முழுவதையும் தொடங்குவதற்கு முன்பே மற்றவரின் வாழ்க்கை முடிந்துவிட்டது. இருவரையும் புனிதர் என்ற ஒரே நிலையில் வைக்கிற அளவுகோல் எது?

## விசாரணை எப்படி நகர்கிறது

முதலில் படிகள். ஒருவர் இறந்து குறைந்தது 5 ஆண்டு கழித்துத்தான் விசாரணை தொடங்கலாம் என்பது இன்றைய விதி. துக்கத்தின் சூடு ஆறட்டும், அதற்குப் பிறகும் மக்கள் மதிப்பு நிலைக்கிறதா பார்ப்போம் என்பது இதன் நோக்கம். திருத்தந்தை விரும்பினால் விலக்கு அளிக்கலாம். 1997-இல் இறந்த அன்னை தெரசாவுக்கு அப்படி விலக்குக் கிடைத்தது.

தொடக்கம் உள்ளூரில்தான். அவர் இறந்த மறைமாவட்டத்தில், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதியில், ஆயர் விசாரணைக் குழு அமைக்கிறார். அல்போன்சாவுக்கு அது 1953 டிசம்பர் 2 அன்று பாலா மறைமாவட்டத்தில் தொடங்கியது. விசாரணை தொடங்கியதும் அந்த நபரை 'இறை ஊழியர்' என்று குறிப்பிடுவார்கள். கூட இருந்தவர்கள், பராமரித்தவர்கள், கற்பித்தவர்கள் எல்லாரும் சத்தியப் பிரமாணத்தின் பேரில் சாட்சி சொல்கிறார்கள். கடிதங்கள், குறிப்புகள் எல்லாம் திரட்டப்படுகின்றன. நல்லதை மட்டும் கேட்டுப் பதிவு செய்வதில்லை, எதிர்ச் சாட்சியும் வேண்டும். அன்னை தெரசா விசாரணையில், அவரைக் கடுமையாக விமர்சித்து வந்த எழுத்தாளர் கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸையே அழைத்து வாக்குமூலம் வாங்கினார்கள்.

திரட்டிய எல்லாம் வத்திக்கானுக்குப் போகும். அங்கே இதற்கென்றே இருக்கும் திருப்பீடத் துறையில் இறையியலாளர்களும், பிறகு கர்தினால்களும் ஆயர்களும் பார்க்கிறார்கள். இவருடைய வாழ்வு தகுதியானது என்று முடிவானால் 'வணக்கத்துக்குரியவர்' என்ற இரண்டாம் படி. அல்போன்சா அந்தப் படிக்கு வந்தது 1980-களின் நடுவில். அதற்குமேல் போக, அவர் பரிந்துரையால் ஒரு புதுமை நடந்ததாக உறுதியாக வேண்டும். அது நடந்தால் 'அருளாளர்'. முத்திப்பேறு பெற்றவர் என்றும் சொல்வார்கள். 1986 பிப்ரவரி 8 அன்று இரண்டாம் ஜான் பால் கோட்டயத்துக்கே வந்து அல்போன்சாவையும் சாவராவையும் ஒன்றாக அருளாளர்களாக அறிவித்தார். அதன்பிறகு இன்னொரு புதுமை; அதுவும் உறுதியானால் புனிதர். அல்போன்சாவின் விசாரணை தொடங்கி முடிய 55 ஆண்டு ஆயிற்று.

சுருக்கமாக, இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர், அருளாளர், புனிதர் என நான்கு படிகள். கவனிக்க வேண்டியது வரிசை. வாழ்க்கை பற்றிய தீர்ப்பு முதலில், புதுமை அதற்கு அப்புறம். வாழ்க்கை தேறாவிட்டால், எத்தனை பேர் குணமானோம் என்று சொன்னாலும் பிரயோஜனமில்லை.

## எடைபோட்டது நோயை அல்ல

வாழ்க்கையில் எதைப் பார்க்கிறார்கள்? 'வீரத்துவ நற்பண்பு' என்பதை. நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்ற மூன்றும், விவேகம், நீதி, துணிவு, தன்னடக்கம் என்ற நான்கும் ஒருவரிடம் சாதாரண அளவைத் தாண்டி இருந்தனவா என்பதுதான் கேள்வி. துறவியாக இருந்தால் அவர் கொடுத்த மூன்று வாக்குகளும் இதோடு சேரும். வீரத்துவம் என்றதும் ஒருநாள் சாகசம் என்று நினைத்துவிடக் கூடாது. கடினமான நிலையிலும் தயங்காமல், முகம் சுளிக்காமல், பல ஆண்டுகள் தொடர்ந்து அப்படி வாழ்ந்தாரா என்று பார்க்கிறார்கள். ஒருநாள் பெருந்தன்மையாக இருப்பது யாராலும் முடியும்.

இந்த இடத்தில்தான் "நோயில் கஷ்டப்பட்டதால் புனிதர்" என்ற பேச்சு தடம் புரள்கிறது. நோய் தானாக வருவது. அதே காலத்தில் அதே கேரளத்தில் அவரைவிட அதிகம் வலித்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். வலியின் அளவை வைத்து யாரையும் அளக்க முடியாது, அளப்பதும் கொடுமை. நோயாளியாக இருந்த அல்போன்சா எப்படிப்பட்ட மனுஷியாக இருந்தார் என்பதுதான் விசாரணைக்குரிய விஷயம்.

படுக்கையிலேயே கிடப்பவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். நீண்ட நோய் மனிதர்களைக் குறுக்கிவிடும். எரிச்சல் வரும், சந்தேகம் வரும், கவனிக்கிறவர்கள்மேலேயே கோபம் வரும். அது இயல்புதான், யாரையும் குறைசொல்ல முடியாது. அல்போன்சாவோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள் அவரைப் பற்றிச் சொன்னது இதற்கு நேர்மாறானது. வாந்திக்கும் வாந்திக்கும் இடையில் சிரித்த முகம். தன் வலியைவிட எதிரே இருப்பவரின் கவலையில் அதிக அக்கறை. மடத்தில் வாழ்வு என்பது தினமும் அதே முகங்கள், அதே மேசை, அதே மணிச் சத்தம். அந்தச் சின்ன வட்டத்துக்குள் பத்தொன்பது ஆண்டு அவரை அருகிலிருந்து பார்த்தவர்களின் சாட்சிக்கு முன்னால் நடிப்பு நிற்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வலியை அவர் கடவுளுக்கான காணிக்கையாகப் பார்த்தார், கடிதங்களிலும் அப்படித்தான் எழுதினார். இயேசு சிலுவையில் பட்ட பாடுகளோடு தன் வலியையும் சேர்த்துப் பிறருக்காக ஒப்புக்கொடுப்பது கத்தோலிக்க ஆன்மிகத்தில் பழைய வழக்கம். ஆனால் வலி தன்னளவில் நல்லது, மருந்து வேண்டாம் என்பது அதன் பொருளல்ல. 1935-இல் ரத்தம் கசிந்தபோது அவர் குணம் வேண்டி நவநாள் செய்ததை மறந்துவிட வேண்டாம். குணமானபோது ஏற்றுக்கொண்டார், குணமாகாதபோது அதையும் ஏற்றுக்கொண்டார். நோயைத் தேடிப்போனவராக அவரைச் சித்திரிப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

அல்போன்சாவையும் தெரசாவையும் ஒரே நிலையில் வைப்பது எது என்று மேலே கேட்ட கேள்விக்கும் பதில் இதுதான். கொல்கத்தா வீதியில் செய்த வேலையும் பரணங்கானத்துக் கட்டிலில் காட்டிய பொறுமையும் வெளித்தோற்றத்தில் எவ்வளவு வேறாக இருந்தாலும், சல்லடை ஒன்றே: அன்பு எவ்வளவு ஆழமாக, எவ்வளவு காலம் நின்றது.

## புதுமை என்றால் என்ன?

அற்புதம் என்று பொதுவாகச் சொல்வதைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் புதுமை என்பார்கள். அல்போன்சா உயிரோடு இருந்தபோது செய்ததாகச் சொல்லப்படும் எதுவும் இந்தக் கணக்கில் சேராது. புதுமை இறந்த பிறகு நடந்ததாக இருக்க வேண்டும். அதை அவர் செய்தார் என்றும் திருச்சபை சொல்வதில்லை. செய்தவர் கடவுள், அல்போன்சா நமக்காக அவரிடம் எடுத்துச் சொன்னார், அவ்வளவுதான். இந்த எடுத்துச் சொல்லுதலுக்குப் பரிந்துரை என்று பெயர். அவர் இறைவனோடு இருக்கிறார் என்பதற்கான அடையாளமாகத்தான் புதுமை கேட்கப்படுகிறது.

அல்போன்சாவுக்காக ஏற்கப்பட்ட இரண்டு புதுமைகளும் ஒரே வகை. பிறவியிலேயே பாதம் உள்பக்கமாக வளைந்திருந்த ஒரு சிறுவனும், பின்னாளில் அதேபோல் பிறந்த ஒரு ஆண் குழந்தையும், குடும்பத்தார் அவர் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டபின் நேராக நடந்தார்கள். தலைவலி, மனச்சோர்வு போன்றவை வந்து போகக்கூடியவை. எலும்பும் தசைநாரும் வளைந்த பாதம் தானாக நிமிர்வது மருத்துவர்கள் எதிர்பார்க்கிற விஷயமல்ல. சிகிச்சை கொடுத்தால் நிமிர்த்தலாம். அதனால் சிகிச்சை ஏதும் காரணமா என்பதுதான் விசாரணையின் முக்கியக் கேள்வி.

இதைப் பார்ப்பது முதலில் மருத்துவர்கள் குழு. அவர்கள் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை. நோய் உண்மையிலேயே கடுமையானதா, குணம் சட்டென்று வந்ததா, முழுமையானதா, நிலைத்து நின்றதா, இன்றைய மருத்துவ அறிவால் விளக்க முடியுமா என்று பார்ப்பார்கள். "இது புதுமை" என்று தீர்ப்புச் சொல்வது அவர்கள் வேலையல்ல. "எங்களுக்குத் தெரிந்த விளக்கம் எதுவும் இல்லை" என்பதோடு நின்றுவிடுவார்கள். அதற்குப் பிறகு இறையியலாளர்கள், வேண்டுதலுக்கும் குணத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டா, இவரிடம்தான் வேண்டினார்களா என்று ஆராய்கிறார்கள். பத்துப் புனிதர்களிடம் ஒரே சமயத்தில் வேண்டியிருந்தால் யாருடைய பரிந்துரை என்று சொல்ல முடியாது, வழக்கு அங்கேயே நின்றுவிடும். இறுதி முடிவு திருத்தந்தையுடையது. அல்போன்சாவின் இரண்டாவது புதுமையை அவர் ஏற்றது 2007 ஜூன் 1 அன்று.

நம்பிக்கை இல்லாதவர், விளக்கம் தெரியவில்லை என்பதே புதுமைக்குச் சான்றாகாது என்பார். அது நியாயமான வாதம்தான். திருச்சபையும் இதை அறிவியல் நிரூபணம் என்று முன்வைப்பதில்லை. நம்பிக்கையின் உள்ளே நின்று, அறிவியலிடம் ஒரு தடவை கேட்டுவிட்டு எடுக்கும் முடிவு அது.

## அருளாளருக்கும் புனிதருக்கும் என்ன வித்தியாசம்?

அருளாளருக்குக் குறிப்பிட்ட நாட்டிலோ மறைமாவட்டத்திலோ சபையிலோ விழா கொண்டாட அனுமதி உண்டு. புனிதர் என்று அறிவித்துவிட்டால் உலகம் முழுவதற்கும். அல்போன்சாவின் விழா ஜூலை 28, அவர் இறந்த நாள். புனிதர்களுக்குப் பெரும்பாலும் இறந்த நாளிலேயே விழா வைப்பார்கள், விண்ணகத்தில் பிறந்த நாள் அது என்ற கணக்கில்.

அப்புறம், கத்தோலிக்கர் அவரைக் கடவுளாகக் கும்பிடுகிறார்களா என்ற கேள்வி. இல்லை. ஆராதனை கடவுளுக்கு மட்டும். புனிதருக்குக் கொடுப்பது மரியாதை. கேட்பது, 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று. பரணங்கானத்தில் கல்லறையைத் தொட்டு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் இந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அங்கே சொல்லப்படும் ஜெபங்களைக் காதுகொடுத்துக் கேட்டால் தெரியும்.

## ரத்தம் சிந்தியவர்களுக்கு வேறு வழி

இதுவரை சொன்னது இயற்கையாக இறந்தவர்களுக்கான வழி. நம்பிக்கைக்காகக் கொல்லப்பட்டவர் மறைசாட்சி. அவர் அருளாளர் ஆவதற்குப் புதுமை தேவையில்லை. அந்த மரணமே போதும். புனிதர் ஆவதற்கு மட்டும் ஒரு புதுமை வேண்டும். குமரி மாவட்டத்து தேவசகாயம் இப்படித்தான் வந்தார். 1752-இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்ட அவர் 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளரானார், ஒரு புதுமை ஏற்கப்பட்டபின் 2022 மே 15 அன்று புனிதரானார்.

அல்போன்சாவின் அதே கிளாரிஸ்ட் சபையிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். கேரளத்தின் புல்லுவழியில் 1954-இல் பிறந்த ராணி மரியா. மத்தியப் பிரதேசத்தில் உதயநகர்ப் பகுதியில், வட்டிக் கடனிலும் குறைந்த கூலியிலும் சிக்கியிருந்த விவசாயக் கூலிகளை ஒன்றுசேர்த்து, அவர்கள் உரிமையைக் கேட்கப் பழக்கினார். 1995 பிப்ரவரி 25 அன்று பேருந்தில் போய்க்கொண்டிருந்த வழியில், மற்ற பயணிகள் பார்த்திருக்க, அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள்.

விசாரணையில் கடினமான கேள்வி ஒன்று இருந்தது. அவரைக் கொல்ல வைத்தது நிலமும் பணமும் சம்பந்தப்பட்ட பகை. அப்படியிருக்க, இதை நம்பிக்கைக்கான சாவு என்று எப்படிச் சொல்வது? ஏழைகளின் பக்கம் அவரை நிற்க வைத்தது அவருடைய நம்பிக்கைதான், அந்த வேலையை வெறுத்தவர்கள் வெறுத்தது அதைத்தான் என்று திருச்சபை முடிவுக்கு வந்தது. 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் அவர் அருளாளராக அறிவிக்கப்பட்டார். மன்னிப்புப் பெற்றுத் திருந்தியிருந்த கொலையாளியும் அந்த விழாவுக்கு வந்திருந்தார். ராணி மரியாவின் தங்கை, அவரும் ஒரு சிஸ்டர், பல ஆண்டு முன்பே சிறைக்குப் போய், அந்தக் கொலையாளியைச் சகோதரனாக ஏற்று அவர் கையில் ராக்கி கட்டியிருந்தார். ராணி மரியா அடுத்த படிக்குப் போக இன்னும் ஒரு புதுமை ஏற்கப்பட வேண்டும்.